உரைகல் சொல்லாத பெயர்

பழைய வெள்ளிப் பாத்திரம் வாங்கும் பழக்கமுள்ளவர்கள் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். முகப்பிலுள்ள பூவும் கொடியும் பிறகுதான். அடிப்புறத்தில் என்ன பொறித்திருக்கிறது என்பதே முதற்கேள்வி. பொருள் எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய பட்டறையில் பிறந்தது என்பதை அங்குள்ள சிறு முத்திரைகள் சொல்லிவிடும். விலையும் அதைப் பொறுத்தே அமையும்.

நம் வீட்டு வெள்ளியைக் கவிழ்த்துப் பார்த்தால் என்ன இருக்கும்? பெரும்பாலும் ஒன்றும் இராது. இருந்தால் கடையின் முத்திரை இருக்கும். இல்லையேல் சீர் கொடுத்தவர் பெயர் வெட்டப்பட்டிருக்கும். வாங்கியவர், விற்றவர், கொடுத்தவர் எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. செய்தவருக்கு மட்டும் இல்லை. இந்த இன்மைக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சுருக்கமாகவேனும் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில், பெயர் பொறிக்கும் மரபு ஒழுங்காக வளர்ந்த ஒரு நாட்டைப் பார்ப்போம். உலகெங்கும் பழம்பொருள் சேகரிப்போர் விரும்பித் தேடும் வெள்ளிகளுள் டென்மார்க் வெள்ளியும் ஒன்று. கோபன்ஹேகன் நகரின் மூன்று கோபுர முத்திரை 1608 முதல் வழக்கில் உள்ளது. அதனுடன் ஆண்டும், வெள்ளியின் தரத்தைச் சோதித்த அதிகாரியின் குறியும், செய்தவரின் குறியும் சேர்ந்தன. பொருள் எந்த மாதத்தில் சோதிக்கப்பட்டது என்பதை இராசிச் சின்னத்தால் காட்டும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. பிறந்த ஊர், ஆண்டு, இராசி, தந்தை பெயர் என்று ஒரு கரண்டிக்குச் சாதகமே எழுதி வைத்திருக்கிறார்கள் எனலாம்.

1904இல் கோபன்ஹேகனில் பட்டறை தொடங்கிய ஜார்ஜ் ஜென்சன் (1866–1935) இம்மரபின் புகழ்பெற்ற வாரிசு. பொற்கொல்லராகப் பயின்று பின் சிற்பம் கற்றவர். அவருடைய தேநீர்க் குடங்களின் மூடிகளில் மொட்டுகள் அவிழ்கின்றன. கிண்ணங்களின் தண்டுகளில் திராட்சைக் குலைகள் தொங்குகின்றன. அவருடன் பணியாற்றிய யோஹன் ரோடே என்னும் ஓவியர் ஓக் மரக் கொட்டையின் வடிவைக் கைப்பிடியில் வைத்து 1915இல் அமைத்த கரண்டி வரிசை இன்றும் விற்பனையாகிறது. ஜென்சன் பொருளை அறிந்தவர் அடிப்புறத்தைப் பார்த்தே காலத்தைக் கணிப்பார். 830 என்ற எண் இருந்தால் ஆயிரத்தில் 830 பங்கு வெள்ளி, 925 என்றால் 925 பங்கு. புள்ளிகளால் ஆன நீள்வட்டத்துள் நிறுவனப் பெயர் இருந்தால் அது 1945க்குப் பிற்பட்டது. வடிவமைத்தவரின் பெயர் எழுத்துகள் தனியே இருப்பதும் உண்டு. அங்கும் சுத்தியல் பிடித்த ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் எழுதப்படவில்லை என்பதை மறந்துவிடலாகாது. ஆயினும், ஒரு பொருளை மனிதக் கையின் ஆக்கமாகப் பதிவுசெய்ய வேண்டும் என்ற எண்ணம் அங்கே சட்டமாகவும் வழக்கமாகவும் நிலைபெற்றது.

டேனியர் நமக்கு அயலாரும் அல்லர். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள். 1845இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றவர்கள். மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளைப் போலவே அவர்களும் வெள்ளியைக் கப்பலில் கொண்டுவந்து சோழமண்டலக் கரையின் துணியை வாங்கினார்கள். அவர்கள் இங்கிருந்து கொண்டுசென்றவற்றுள் ஒன்று இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதுவித்த கடிதம். அது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. எழுதுவித்தவர் பெயர் தெரியும். பெற்றவர் பெயர் தெரியும். அந்தத் தங்கத்தை எழுத்து ஏறுமளவுக்குத் தகடாக அடித்த தட்டார் யார்?

*

நம் மரபில் பொன்னைச் சோதிக்கும் கலை குறைவுபட்டதன்று. கட்டளைக்கல் வள்ளுவரே உவமையாக எடுத்தாண்ட பொருள். கல்லில் பொன்னை உரைத்து, விழும் கோட்டின் நிறத்தைக் கண்டு மாற்று அறிவார்கள். உரைகல் உலோகத்தின் உண்மையைச் சொல்லும். அந்த உலோகத்துக்கு வடிவம் தந்த கை யாருடையது என்பதைச் சொல்லாது.

நம் பெருங்காப்பியம் ஒன்றின் திருப்பமே இந்தக் குறையில்தான் நிற்கிறது. கோவலன் விற்கக் கொண்டுசென்ற சிலம்பு யாருடையது என்பதைப் புறத்தே பார்த்துச் சொல்ல வழியில்லை. பொற்கொல்லன் சொன்ன சொல்லே சான்றாகிவிட்டது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் முத்துப் பரல் என்ற வேறுபாடு உள்ளே மறைந்திருந்தது. உண்மையைக் காட்ட அணிகலனையே உடைக்க வேண்டியிருந்தது. அப்போதும் அது காலம் கடந்த உண்மை. பொருளை உடைக்காமலே உண்மையைச் சொல்ல மனிதன் கண்ட வழிதான் முத்திரை என்று இப்போது தோன்றுகிறது.

பொன்வினைஞர் பெயர்கள் முற்றும் அழிந்துவிடவில்லை. தங்காற் பொற்கொல்லனார் என்பவர் புறநானூற்றுப் புலவருள் ஒருவர். அவர் பாட்டு இருக்கிறது. அவர் செய்த நகை எதுவும் அவர் பெயரால் நமக்குத் தெரியவில்லை. தென் தாய்லாந்தின் கிராபி பகுதியில் கிடைத்த சிறு உரைகல் இன்னும் வியப்பானது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். கடல் கடந்து சென்ற தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவர் தம் கருவியில் பெயரை எழுதி வைத்தார். கருவி அவருடையது, நகை வாங்கியவருடையது. இந்தப் பிரிவினை நம் மரபில் எவ்வளவு பழமையானது என்பதை அந்தக் கல் காட்டுகிறது.

*

19ஆம் நூற்றாண்டுச் சென்னையில் இப்பிரிவினை வணிக வடிவம் பெற்றது. ‘சுவாமி வெள்ளி’ என்று சேகரிப்போர் அழைக்கும் பாத்திரங்கள் அக்காலத்தவை. வடிவம் ஆங்கிலேயருடையது: தேநீர்க் குடம், பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம், தட்டு. உடல் முழுவதும் நம் கோயில் உருவங்கள்: மயில்மேல் முருகன், குழலூதும் கண்ணன், சிங்கத்தின்மேல் துர்க்கை. தகட்டை அரக்கின்மேல் பதித்து, உளியால் தட்டித் தட்டி உருவத்தைப் புடைக்கச் செய்யும் வேலை அது. கருவறைக் கவசமும் உற்சவமூர்த்தியின் அணியும் செய்து பழகிய கைகள் துரைமாரின் தேநீர் மேசைக்கும் வேலை செய்தன.

இதில் பெயர்பெற்ற நிறுவனம் மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ். வேல்ஸ் இளவரசர் 1875–76இல் இந்தியாவில் பயணம் செய்த காலத்தில் அந்நிறுவனத்தின் சுவாமி வேலைப்பாடு இங்கிலாந்திலும் புகழ் பெற்றது. பாத்திரத்தைக் கவிழ்த்தால் ‘ஆர்’ என்ற முத்திரை தெரியும். அது விற்றவரின் பெயர். தட்டியவரின் பெயர் அன்று. இதே காலத்தில் கட்ச் நாட்டின் புஜ் நகரில் ஊமர்சி மாவ்ஜி என்னும் வெள்ளிவினைஞர் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தாமே பொறித்தார். இன்று அவர் செய்த குடங்களை உலகச் சந்தையில் அவர் பெயர் சொல்லியே வாங்குகிறார்கள். சென்னைக் கலைஞருக்குத் திறன் குறைவில்லை. கையில் ஒரு முத்திரை இல்லை, அவ்வளவே.

*

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். கூடலூரிலிருந்து வரும் சாலை கேரளத்தை நோக்கி இறங்கும் விளிம்பில் இருக்கிறது நாடுகாணி. கீழே நிலம்பூர்ச் சமவெளி விரியும். பக்கத்தில் உள்ள தேவாலா, பந்தலூர் காடுகளில் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டன் கம்பெனிகள் பொன் தேடிப் பெரும் முதலைப் புதைத்து, சில ஆண்டுகளில் கைவிட்டுப் போயின.

பொன் தேடியவர்களுக்குச் சற்று முன்னே பழம்பொருள் தேடியவர்கள் நீலகிரிக்கு வந்துவிட்டார்கள். இம்மாவட்டத்தின் முதல் ஆணையரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் வேண்டுகோளை ஒட்டி, பழங்குடியினரின் அணிகலன்கள், வீட்டுப் பாத்திரங்கள், கருவிகள் ஆகியவற்றைத் திரட்டினார். மலையுச்சிகளின் கல்வட்டங்களையும் அகழ்ந்தார். 1872இல் அவர் இறக்க, நூல் 1873இல் வெளிவந்தது. அக்கல்லறைகளிலிருந்து கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் சில, நடுவே தாமரை போன்ற புடைப்புடன், மிக அழகானவை. சென்னை அரசு அருங்காட்சியகத்திலும் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நீலகிரிக் கல்லறைப் பொருள்கள் இருக்கின்றன. அக்கிண்ணத்தில் உணவு உண்டவர் யார், வார்த்தவர் யார் என்பதற்கு விடையில்லை.

ஆனால் பெயர் அறிய வாய்ப்பிருந்த இடமும் இங்கேயே உண்டு. இம்மலையின் கொல்லர்கள் கோத்தர்கள். இரும்பு, வெள்ளி, மண், மரம் நான்கும் அவர்கள் கையில் வடிவம் பெற்றன. தோடர் பெண்கள் அணிந்த நகைகள் பலவற்றைச் செய்தவர்களும் அவர்களே. அவர்களுடைய ஏழு ஊர்களுள் ஒன்று கூடலூரை ஒட்டியுள்ள கோக்கால். தோடர் வளை ஒன்று அருங்காட்சியகத்துக்குப் போனால் அட்டையில் ‘தோடர் அணிகலன்’ என்று எழுதுவது வழக்கம். அணிந்தவர் இனத்துக்கேனும் இடம் கிடைத்தது. செய்தவர் இனத்துக்கு அதுவும் அரிது. கேட்டிருந்தால் பெயரைச் சொல்லக்கூடிய மனிதர் அடுத்த ஊரில் உயிரோடு இருந்த காலம் அது.

*

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களின் குடும்பங்கள் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஏராளம். அத்தகைய வீட்டில் பாட்டியின் தண்டட்டியோ ஒரு சோடி வெள்ளிக் காப்போ எஞ்சியிருந்தால், அது அடகுக் கடைக்குப் போகும் நாளில் தராசு ஒன்றே அதன் வரலாற்றை எழுதுகிறது. எடை பார்த்து, சேதாரம் கழித்து, உருக்கிவிடுவார்கள். பெயருள்ள டேனியக் கரண்டியை எவரும் உருக்குவதில்லை, உலோக விலையைவிட அதன் விலை மிகுதி என்பதால். பெயரற்ற பொருளுக்கு உலோக விலையைத் தவிர வேறு காவல் இல்லை. வெள்ளி விலை ஏறும்போது அக்காவலே பகையாகிறது.

2021 முதல் தங்க நகைக்கு அரசின் தர முத்திரை படிப்படியாகக் கட்டாயமாகி, ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாளக் குறியும் வந்துவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவும் தூய்மையையும், சோதித்த இடத்தையும், விற்ற கடையையும் காட்டுவதே. உரைகல் வளர்ந்து எண்ணாகியிருக்கிறது. செய்தவரின் பெயர் இன்னும் வரவில்லை.

ஆகவே பழம்பொருளில் நாட்டமுள்ள நண்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். பழைய பங்களாச் சாமான் என்று விற்கப்படும் கரண்டிகளில் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் அது நிக்கல் கலவையின்மேல் வெள்ளி முலாம். வெள்ளி விலை கொடுக்க வேண்டாம். பளபளப்புக்காக அழுத்தித் தேய்த்து முத்திரையையும் வேலைப்பாட்டையும் அழித்துவிட வேண்டாம். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதை விற்பதைத் தொழிலாகக் கொள்வதற்கு உரிமம் வேண்டும். இவற்றையெல்லாம்விட முதன்மையானது, வாங்கும்போதே விற்பவரிடம் கேட்டு எழுதி வைப்பது. எந்த ஊர், எந்த வீடு, யார் அணிந்தது, எந்தத் தெருவில் எந்த ஆசாரி செய்தது? வாங்குவதற்கு எதுவும் இல்லாதவர்கள் தம் வீட்டுப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். நகையைப் படம் எடுத்து, அம்மாவிடம் கேட்டு, ஒரு தாளில் நாலு வரி எழுதி அதனுடனே வைத்தால் போதும். ஆசாரியின் பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.