ஐம்பது பல் ரோட்டார்

ஸ்டெப்பர் மோட்டார் முதலில் வேலைக்குச் சேர்ந்தது போர்க்கப்பலில். பீரங்கியும் டார்ப்பீடோக் குழாயும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் காட்ட 1920-களில் பிரிட்டிஷ் கடற்படை இதை வைத்திருந்தது. ஒரு மின் துடிப்புக்கு ஓர் அடி (ஸ்டெப்) நகரும். அந்த அடியைச் சிறிதாக்கும் வடிவமைப்புக்கு அபர்டீன் நகரத்து சிவில் இன்ஜினீயர் சி. எல். வாக்கர் 1919-லேயே காப்புரிமை கேட்டிருந்தார்.

இன்று நாம் பார்க்கும் கலப்பு (ஹைப்ரிட்) வகை, 1952-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஃபயர்டாக், டோனஹோ இருவரும் பெற்ற காப்புரிமையிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், அது மெதுவாகச் சுற்றும் ஏசி மோட்டாராகத்தான் பிறந்தது. அந்த வழியில் வந்த ஸ்லோ-சின் மோட்டாரை 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் செருகினால் நிமிடத்துக்கு 72 சுற்று. மின்சாரத்தின் ஓர் அலைக்கு, சுழலும் பாகமான ரோட்டார் ஒரு பல் நகரும். மொத்தம் 50 பல். கணக்கு அவ்வளவுதான்.

ரோட்டாரில் பல் வெட்டிய இரண்டு இரும்புக் கிண்ணங்கள் இருக்கும், நடுவே காந்தம். ஒரு கிண்ணத்தின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி அரைப் பல் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். (பழைய மோட்டாரில் ரோட்டாரை உருவிப் பார்க்க ஆசைப்படாதீர்கள், காந்தம் வலுவிழந்துவிடும்.) ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே 7.2 டிகிரி. இரண்டு சுருள்களில் மின்னோட்டத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் அது நான்காகப் பிரிந்து 1.8 டிகிரி, அதாவது சுற்றுக்கு 200 அடி. பல்லை நூறாக்கினால் 0.9. ஐம்பது பல்லையே வைத்துக்கொண்டு சுருள் தொகுதிகளை ஐந்தாக்கினால் 0.72; ஆனால் சுருள்களுக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் சுற்றின் செலவு ஏறும்.

அடியைச் சிறிதாக்க இன்னொரு வழி மைக்ரோஸ்டெப்பிங். அது இரும்பைத் தொடாமல் மின்னோட்டத்தைப் படிப்படியாக மாற்றி அடியை நறுக்குகிறது. த்ரீடி பிரிண்டரில் 2 மி.மீ. பல்லிடைவெளி பெல்ட், 20 பல் புல்லி என்றால் முழு அடிக்கு 0.2 மி.மீ.; பதினாறாக நறுக்கினால் 0.0125. காகிதத்தில் பிரமாதம். ஆனால் நல்ல மோட்டாரிலும் முழு அடியில் ஐந்து சதவீதம் வரை பிழை இருக்கும், அதாவது 0.01 மி.மீ. நறுக்கிய துண்டும் பிழையும் ஏறக்குறைய ஒரே அளவு! போதாததற்கு, அந்த ஒரு துண்டு தரும் முறுக்குவிசை மோட்டாரின் பிடிப்பு முறுக்குவிசையில் பத்தில் ஒரு பங்குதான். உராய்வு அதைவிட அதிகமென்றால் தண்டு அசையாது.

மைக்ரோஸ்டெப்பிங் சத்தத்தையும் அதிர்வையும் குறைக்கும். அதற்காகத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். துல்லியம் வேண்டுமென்றால், டிரைவர் அட்டையில் போட்டிருக்கும் 1/256-ஐ விட்டுவிட்டு, மோட்டார் 1.8-ஆ, 0.9-ஆ என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.