லாஸ்ட் போஸ்ட்

லாஸ்ட் போஸ்ட் என்பது பிரிட்டிஷ் சேனையிலும், அதன் மரபைத் தழுவிய இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் சேனைகளிலும் பியூகிள் என்னும் ஊதுகொம்பில் ஊதப்படும் இசைக்குறி. பாசறையில் இராக்காவல் அமைந்துவிட்டதை அறிவிக்கப் பிறந்த இது, காலப்போக்கில் மாண்ட வீரனுக்கு விடைகொடுக்கும் கீதமாயிற்று.

தோற்றம்: பதினெட்டாம் நூற்றாண்டின் பாசறைகளில், இருட்டியதும் அதிகாரி ஒருவர் புறப்பட்டு, பாராக்காரர் நிற்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்வையிடுவது வழக்கம். சுற்று தொடங்கும்போது ஓர் ஊதலும், கடைசிப் பாராவைப் பார்த்து முடித்ததும் மற்றோர் ஊதலும் எழும். பின்னதைக் கேட்ட சிப்பாய், காவல் சரியாக இருக்கிறதென்ற நிம்மதியோடு உறங்கலாம். பியூகிளில் ஸ்வரங்களை மாற்றுவதற்குத் துளையோ வால்வோ கிடையாது. உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் விசையாலும் பிறக்கும் சில ஸ்வரங்களையே நீட்டியும் குறுக்கியும் ஊதவேண்டியிருப்பதால், இவ்விசைக்கு இயல்பாகவே ஒரு சோகச் சாயல் வாய்த்தது.

மரணச் சடங்கில்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பாண்டு வாத்தியக் குழு கிடைக்காத முகாம்களில், ஒரு பியூகிள்காரனைக் கொண்டே அடக்கச் சடங்கை நிறைவேற்றும் வழக்கம் பரவிற்று. லாஸ்ட் போஸ்டுக்குப்பின் மௌனமும், மௌனத்துக்குப்பின் விடியலில் துயிலெழுப்பும் ரெவெய்லியும் தொடரும் முறை, உயிர்த்தெழுதலை நம்பும் கிறிஸ்தவ மனத்துக்கு உகந்ததாக இருந்தது. அமெரிக்காவில் இதே ஸ்தானத்தை வகிக்கும் ‘டேப்ஸ்’, 1862-இல் உள்நாட்டுப் போரின்போது தளபதி டானியல் பட்டர்பீல்டு சீர்படுத்தியது.

மெனின் வாயில்: பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில், ரெஜினால்டு புளோம்ஃபீல்டு வடிவமைத்து 1927-இல் திறக்கப்பட்ட இந்நினைவு வாயிலில், முதல் உலக யுத்தத்தில் மாண்டும் கல்லறை அறியப்படாத 54,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன, 1914-இல் அங்கே போரிட்ட இந்தியப் படையினரின் பெயர்களும் அவற்றுள் உண்டு. மாலை எட்டு மணிக்குப் போலீசார் வண்டிகளை நிறுத்த, உள்ளூர்த் தீயணைப்புப் படையோடு தொடர்புடைய பியூகிள்காரர் நடுத்தெருவில் வரிசையாக நின்று ஊதுவர். அடக்கமே கிட்டாதவர்களுக்கு ஊரார் செய்யும் இந்த விடையளிப்பு, 1928-இல் தொடங்கி, ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் தடைப்பட்டு, அக்காலத்தில் இங்கிலாந்தின் புரூக்வுட் மயானத்தில் நடைபெற்று, 1944 செப்டம்பர் 6-இல் நகரம் மீட்கப்பட்ட மாலையே மீண்டும் தொடர்ந்தது. 2015 ஜூலை 9 அன்று 30,000-ஆவது முறையாக ஒலித்தது.

இந்தியாவில்: சுதந்திரத்துக்குப் பின்னரும் இந்திய சேனை இம்மரபைக் கைவிடவில்லை. குடியரசு தினத்தன்று மாண்ட வீரர்களுக்கு மலர்வளையம் வைக்கும்போதும், படைவீரரின் இறுதிச் சடங்கிலும் இது ஊதப்படுகிறது. பிறிதொரு நாட்டின் பாராச் சுற்றில் பிறந்ததாயினும், பாடலோ மந்திரமோ இல்லாத வெறும் நாதமாக இருப்பதால், சிதையருகிலும் கபர்ஸ்தானிலும் கல்லறைத் தோட்டத்திலும் அவ்வம்மதத்தின் சடங்குக்கு இடையூறின்றி இது பொருந்திவிடுகிறது.