டோனி ஹான்காக்

டோனி ஹான்காக் (1924–1968), இங்கிலாந்தின் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பிரசித்தி பெற்ற ஹாஸ்ய நடிகர். பர்மிங்ஹாமில் பிறந்து, பெற்றோர் விடுதி நடத்திய போர்ன்மத் என்னும் கடற்கரை நகரில் வளர்ந்த இவர், இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானப்படையில் சேர்ந்து, ரால்ஃப் ரீடரின் கலைக்குழுவில் பயின்று, பின்னர் லண்டன் விண்ட்மில் அரங்கில் மேடையேறினார். 'எஜுகேட்டிங் ஆர்ச்சி' என்ற வானொலி நிகழ்ச்சியில், பேசும் பொம்மையொன்றுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராக 1951-இல் தோன்றியபின் இவர் பெயர் நாடெங்கும் பரவியது. உதட்டசைவையே காண இயலாத வானொலியில், உதடசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் வித்தை எடுபட்டது விந்தைதான்.

1954 நவம்பரில் பி.பி.சி. தொடங்கிய 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' இவருடைய கீர்த்திக்கு ஆதாரமாயிற்று. ரே கால்டன், ஆலன் சிம்ப்ஸன் என்னும் இரட்டையர் எழுதிய இத்தொடர், அக்காலத்து வழக்கப்படி பாட்டையும் துணுக்குகளையும் கோத்துத் தராமல், கிழக்குச் சீம் என்னும் கற்பனைப் புறநகரில் குடியிருக்கும், அரைகுறைப் படிப்பும் அளவற்ற செருக்கும் கொண்ட ஒரு மனிதனின் சுபாவத்திலிருந்தே சிரிப்பைப் பிறப்பித்தது. 1958-இல் ஒலிபரப்பான ஒரு பகுதியில், மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் செய்வதற்கு ஒன்றுமின்றி நால்வர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பதைத் தவிர வேறு சம்பவமே கிடையாது. எனினும், மௌனத்துக்கு அஞ்சுவதே வானொலியின் இயல்பாயிருக்க, அந்த மௌனத்தைக் கொண்டே நேயர்களைச் சிரிக்கவைத்த சாமர்த்தியம் இவருக்கே உரியது.

1956-இல் தொடர் தொலைக்காட்சிக்கும் வந்தது. நகைச்சுவைக்குப் பக்கபலமாயிருந்த சக நடிகர் சிட் ஜேம்ஸை 1961-ஆம் ஆண்டுத் தொடரிலிருந்து இவர் விலக்கினார். அத்தொடரில் இவர் இரத்ததானம் செய்யப் போகும் பகுதி இன்றும் புகழ்பெற்றது. கார் விபத்தில் அடிபட்டதனால் வசனத்தை மனனம் செய்ய இயலாமல், எழுதிவைத்த பலகைகளைப் பார்த்தே நடித்தார் என்பதை, எதிரிலிருப்பவரை விட்டு விலகி ஓடும் பார்வையிலிருந்து கூர்ந்து நோக்குவோர் உணரலாம்.

அவ்வாண்டிலேயே கால்டனையும் சிம்ப்ஸனையும் இவர் பிரிந்தார். அவ்விருவரும் அடுத்த ஆண்டு 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்ற தொடரைப் படைத்து மேலும் புகழ் பெற்றனர். இவருக்கோ, 'தி பஞ்ச் அண்ட் ஜூடி மேன்' (1963) என்ற திரைப்படமும், வேறு நிறுவனத்துக்காக நடித்த தொடரும் பழைய வெற்றியைத் தரவில்லை. மதுப்பழக்கம் முற்றி, தாம்பத்தியமும் சிதைந்தது. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக்கு ஒரு தொடர் நடிக்கச் சென்றிருந்தவர், அது முற்றுப்பெறுமுன், 1968 ஜூனில் சிட்னியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது இவருக்கு வயது 44.