ஈகையல்ல, கடன்!

பாலாறு என்று பெயர் சூட்டினர் நம் முன்னோர். அந்த ஆற்றங்கரையிலே, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் தொழில் தழைத்த ஊர்களிலே, கிணற்று நீரைக் கையிலேந்திச் சுவைத்தவர் முகம் சுளித்தனர். பாலாறு பாழானது ஏன்? தோலின் வரலாறு விடை கூறும்.

வெள்ளையர் ஆட்சியிலே, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோல்கள் சென்னையிலிருந்து கப்பலேறின. இலண்டன் சந்தையிலே 'கிழக்கிந்தியத் தோல்' என்று அதற்குத் தனிப் பெயர்! 1970களில் நிலை மாறிற்று. அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை அனுப்ப வேண்டாம், முற்றும் முடித்த தோலையும் காலணியையும் அனுப்புவோம் என்றது சீதாராமய்யா குழுவின் வழிவந்த கொள்கை. வேலை வந்தது, அந்நியச் செலாவணி வந்தது. கூடவே குரோமியமும் பெருகி வந்தது. செருப்பு மேல்நாடு சென்றது. கழிவு நம் வீட்டில் தங்கிற்று!

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர். 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழ் என்ற கணக்கெல்லாம் அதிலே உண்டு. மாசுபடுத்தியவனே ஈடு தர வேண்டும் என்ற நீதியும் உண்டு. ஆயினும், 2025 சனவரியிலும் அதே மன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கொடுங்கள் என்று மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது!

ஆலை முதலாளி ஈடு தரட்டும், மறுப்பில்லை. ஆனால் அந்தக் காலணியை அணிந்து நடந்த சீமைக்குப் பொறுப்பே இல்லையா?

உண்டு என்று உலகமே ஒப்பியது. 1970 அக்டோபர் 24 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, செல்வ நாடுகள் தம் வருவாயில் 0.7 விழுக்காட்டை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்றது. நூறு ரூபாயில் எழுபது காசு! பிரிட்டன் 2015இல் அதனைச் சட்டமாகவே இயற்றிற்று. 2021இல் எழுபது காசு ஐம்பதாயிற்று. 2027க்குள் முப்பதாக்குவோம் என்று 2025இல் அறிவிப்பும் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்க, பணம் மட்டும் எப்படிக் கரைந்தது? இலக்கைத் தவறினால் பாராளுமன்றத்துக்கு விளக்கம் கூறினால் போதும் என்று சட்டமே சந்து வைத்திருந்தது!

"வீட்டுக் கூரை ஒழுகும்போது ஊராருக்கு உதவலாமா?" என்று கேட்கின்றனர். கேட்க எளிது. ஆனால் நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டப்படுவது இந்தத் தொகையே; ஏன்? காலணி தைக்கும் ஆம்பூர்ப் பெண்ணுக்கு இலண்டனில் வாக்குச்சீட்டு இல்லை! டாக்காவின் தோல் தொழிலாளிக்கும் இல்லை. வாக்கில்லாதவன் பங்கு வெட்டுவோருக்கு வசதி. அதனால்தான் அதற்குச் சட்டக் காவல் தேவை. சந்தில்லாத காவல் தேவை. நார்வேயும் டென்மார்க்கும் 0.7ஐத் தாண்டித் தந்து, இயலும் என்று காட்டியுள்ளன.

நமக்கும் இதிலே பாடமுண்டு. சிறு நாடுகளின் உதவி இனி வேண்டாம் என்று 2003இல் மைய அரசு தலைநிமிர்ந்து கூறிற்று. தன்மானம் நன்று! ஆனால் பாலாற்றங்கரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நம் வரவு செலவுத் திட்டத்தில் வைக்கும் பணத்துக்கும் அதே காவல் வேண்டாமா? இலண்டனைக் கேட்கும் கேள்வியை டில்லியையும் சென்னையையும் கேட்டாக வேண்டும்.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஒப்புரவுக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். ஈகை கொடுப்பவன் விருப்பம். ஒப்புரவு, கூடி வாழ்வோன் கடமை. பாலாற்றுக்குச் சேர வேண்டியது கடமையினும் மேலானது — அது கடன். கடனைக் குறைத்துவிட்டுச் சிக்கனம் என்று பேர் சூட்டுவது எந்த ஊர் நியாயம்?