ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும்: ‘வாஷிங்டன்’ என்னும் ஆங்கிலப் பெயரின் தோற்றமும் பரவலும்

முன்னுரை

ஊர்ப்பெயர் மக்கட்பெயராவதும், மக்கட்பெயர் ஊர்ப்பெயராவதும் பெயராய்வாளர் நன்கறிந்த நிகழ்வுகள். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் எனச் சங்கப் புலவர் பலர் தம் ஊரின் பெயராலேயே அறியப்படுகின்றனர். ஆயினும் அப்பெயர்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக இறங்கும் குடும்பப்பெயர்களாக நிலைபெறவில்லை. இங்கிலாந்திலோ, இதே வகையில் தோன்றிய பெயர்கள் சில நூற்றாண்டுகளில் மரபுரிமையாயின. அவை கடல் கடந்தன. தோற்றுவித்த குடும்பத்தையும் கடந்தன.

குடும்பப்பெயர் ஒன்றாயிருப்பின் குருதியும் ஒன்றாயிருக்கும் என்னும் எண்ணம் வழிமரபு ஆய்வுகளில் பரவலாகக் காணப்படுகிறது. அவ்வெண்ணம் எத்துணை பொருந்தும் என்பதை ‘வாஷிங்டன்’ என்னும் ஒரு பெயரைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 12ஆம் நூற்றாண்டு ஆவணம் முதல் 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை இப்பெயருக்குத் தொடர்ச்சியான சான்றுகள் கிடைப்பதால் இது ஆய்வுக்குத் தேர்ந்துகொள்ளப்பட்டது.

பெயரின் மூலம்

இங்கிலாந்தின் வடகிழக்கில், பழைய டர்ஹாம் மாவட்டத்தில் அமைந்த ஊர் வாஷிங்டன். இன்று இது சண்டர்லாந்து மாநகரின் ஆட்சி எல்லைக்குள் உள்ளது. பழைய ஆங்கிலத்தில் ‘இங்’ என்னும் இடைநிலை ஒருவனின் வழியினரையோ அவனைச் சார்ந்தோரையோ குறிக்கும். ‘தூன்’ என்னும் ஈறு வேலியிட்ட நிலம், பண்ணை, ஊர் எனப் பொருள் விரியும். எனவே வஸ்ஸா என்பவனைச் சார்ந்தோரின் ஊர் என்பதே அறிஞர் பலரும் ஏற்கும் பொருளாகும். இன்றைய வடிவத்தின் முற்பகுதி, கழுவுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒத்திருப்பது தற்செயலான ஒலி ஒப்புமையே. ஆக, ஆட்பெயர் ஒன்று முதலில் ஊர்ப்பெயருள் புகுந்தது. அந்த ஊர்ப்பெயர் பின்னர் மீண்டும் ஆட்பெயரானது. தென்னிங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலும் இதே பெயருடைய ஊர் ஒன்று உண்டு என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

1066ஆம் ஆண்டின் நார்மானிய வெற்றிக்குப் பின்னரே இங்கிலாந்தில் மரபுரிமைக் குடும்பப்பெயர்கள் வேரூன்றத் தொடங்கின. முதலில் நிலவுடைமையாளரிடமும், பின்னர் 14ஆம் நூற்றாண்டளவில் பொதுமக்களிடமும் இவ்வழக்கம் பரவியது. ஊர், தந்தை பெயர், தொழில், பட்டப்பெயர் என நான்கு வகையாக இவற்றைப் பகுப்பர். வாஷிங்டன் முதல் வகையைச் சார்ந்தது.

நிலம் மாறியது, பெயர் மாறியது

டர்ஹாம் ஆயர் ஹியூ டி பூயிசேயின் ஆணையால் 1183ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட நிலவரி ஆவணம் ‘போல்டன் ஏடு’ எனப்படும். ஹெர்ட்பர்ன் ஊரினரான வில்லியம், அவ்வூரை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக ‘வெஸ்ஸிங்டன்’ ஊரைப் பெற்றதை அந்த ஏடு பதிவு செய்கிறது. இதற்காக அவர் 4 பவுண்டு செலுத்த வேண்டும்; ஆயர் பெருவேட்டைக்குச் செல்லும்போது 4 வேட்டை நாய்களுடன் உடன்செல்லவும் வேண்டும்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஹெர்ட்பர்னை விட்டு நீங்கியதும் ‘ஹெர்ட்பர்னர்’ என்னும் அடையும் நீங்கிற்று. அவர் வழியினர் ‘டி வெஸ்ஸிங்டன்’ எனப்பட்டனர். ‘டி’ என்னும் நார்மானியப் பிரெஞ்சு இடைச்சொல், கிழார் என்னும் தமிழ்ச்சொல்லைப் போலவே, ஊரின்மீது ஒருவருக்குள்ள உரிமையைச் சுட்டி நின்றது. பண்டமாற்றாக ஒரு நிலம் கைமாறியிராவிடின் இக்குடும்பம் வேறொரு பெயரோடு வரலாற்றில் நடந்திருக்கும். தொடக்கத்திலேயே இப்பெயர் குறித்தது பிறப்பை அன்று, உடைமையை.

உடைமை போன பின்னும் பெயர் நின்றதே அடுத்த கட்டம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூத்த கிளை ஆண்வழியற்றுப்போக, ஊரின் உரிமை மகள்வழியாக வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு முன்பே இளைய கிளையொன்று மேற்கே வெஸ்ட்மர்லாந்து, லங்காஷயர் பகுதிகளுக்குப் பெயர்ந்திருந்தது. அக்கிளையினர் லங்காஷயரின் வார்ட்டன் ஊரில் வாழ்ந்தபோது தங்களை வார்ட்டனர் என அழைத்துக்கொள்ளவில்லை. வாஷிங்டன் என்றே அழைத்துக்கொண்டனர். வில்லியம் ஊர் மாறியபோது பெயர் மாறிற்று; அவர் வழியினர் ஊர் மாறியபோது பெயர் மாறவில்லை. அடைமொழி குடும்பப்பெயராக இறுகிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. 1416 முதல் 1446 வரை டர்ஹாம் மடத்தின் தலைவராயிருந்த ஜான் வெஸ்ஸிங்டன் இப்பெயர் தாங்கிய இடைக்கால அறிஞருள் குறிப்பிடத்தக்கவர்.

வார்ட்டனிலிருந்து நார்தாம்ப்டனுக்குச் சென்ற லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வாணிகத்தால் உயர்ந்து அந்நகரின் மேயரானார். எட்டாம் ஹென்றி துறவியர் மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539ஆம் ஆண்டு சல்கிரேவ் பண்ணையை 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்னிக்கு வாங்கினார். அவர் கட்டிய மாளிகையின் வாயிலில் குடும்பச் சின்னம் இன்றும் காணப்படுகிறது. வெண்ணிறப் பரப்பில் இரு செம்பட்டைகளும் மூன்று செம்மீன்களும் கொண்ட அச்சின்னமே 1938இல் அமெரிக்கத் தலைநகரின் கொடியாக ஏற்கப்பட்டது.

கடல் கடத்தல்

சல்கிரேவ் கிளையில் வந்த மற்றொரு லாரன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, எசெக்ஸின் பர்லி ஊரில் திருச்சபைக் குருவாயிருந்தவர். உள்நாட்டுப் போரின்போது அரசர் பக்கம் நின்றோர் பலர் பதவி நீக்கப்பட்டனர். 1643இல் இவரும், மதுக்கடைகளில் பொழுது கழித்தார் என்னும் குற்றச்சாட்டின்பேரில், நீக்கப்பட்டார். 1653இல் வறுமையிலேயே மறைந்தார். இவருடைய மகன் ஜான் புகையிலை வாணிகக் கப்பலொன்றில் துணை அலுவலராக வர்ஜீனியாவை அடைந்தார். 1657ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கப்பல் பொட்டோமக் ஆற்றில் தரைதட்ட, அவர் அங்கேயே தங்கினார். 1658இல் ஆன் போப் என்னும் பெண்ணை மணந்து, மாமனார் அளித்த 700 ஏக்கர் நிலத்துடன் வாழ்வைத் தொடங்கினார்.

இந்த ஜானின் கொள்ளுப்பேரனே அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் (1732-1799). இங்கிலாந்தின் குலமரபு அதிகாரி அவருடைய முன்னோரைப் பற்றி வினவியபோது, இத்தகைய பொருளில் தாம் மிகக் குறைந்த கவனமே செலுத்தியதாக அவர் 1792இல் விடையிறுத்தார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. ஆயினும் இன்று அப்பெயரை உலகறியச் செய்தது அவருடைய புகழே.

பெயர் பெற்றோரும் பெயர் மறுக்கப்பட்டோரும்

2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வாஷிங்டன் என்னும் குடும்பப்பெயர் உடையோராக 1,63,036 பேரைக் காட்டுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஆப்பிரிக்க அமெரிக்கர். டர்ஹாம் நிலக்கிழாரின் பெயரை இன்று சுமப்போர் பெரும்பாலும் அவர் வழியினர் அல்லர். இதன் காரணத்தை வர்ஜீனியப் புகையிலைத் தோட்டங்களில் தேட வேண்டும்.

ஜார்ஜ் வாஷிங்டன் தம் 11ஆம் வயதில், தந்தை இறந்தபோது, பத்து அடிமைகளுக்கு உரிமையாளரானார். 1799ஆம் ஆண்டு அவர் தம் கைப்பட எழுதிய பட்டியலின்படி மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் 123 பேர் அவருக்கே உரியோர். 153 பேர் மனைவி மார்த்தாவின் முதற்கணவர் சொத்தைச் சார்ந்தோர். எஞ்சியோர் பெரும்பாலும் பிறரிடமிருந்து வாடகைக்குப் பெறப்பட்டோர். தமக்குரியோர் மார்த்தாவின் மறைவுக்குப்பின் விடுதலை பெற வேண்டும் என அவர் விருப்ப ஆவணத்தில் எழுதினார். மார்த்தா அதற்குக் காத்திராமல் 1801 ஜனவரி முதல் நாளில் அவர்களை விடுவித்தார். ஏனைய 153 பேரை விடுவிக்கும் உரிமை இருவருக்கும் இல்லை.

இத்தகைய பட்டியல்களில் அடிமைகள் பெரும்பாலும் இடுபெயர் ஒன்றால் மட்டுமே குறிக்கப்பட்டனர். எனவே அவர்களுக்குக் குடும்பப்பெயரே இல்லை என்று கொள்வது பிழை. ஜார்ஜ் வாஷிங்டனின் அணுக்கப் பணியாளரான வில்லியம் லீ, 1768இல் லீ குடும்பத்திடமிருந்து வாங்கப்பட்டவர். புதிய உடைமையாளரிடம் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் பழைய பெயரையே தம் பெயராகக் கொண்டிருந்தார். தம்மை வில்லியம் லீ என அழைத்துக்கொள்பவர் என்றே விருப்ப ஆவணம் அவரைச் சுட்டுகிறது. அப்பெயர் பிறர் இட்டதன்று, அவரே உரைத்தது என்பதை உடைமையாளரின் எழுத்தே ஒப்புக்கொள்கிறது. உடைமையாளர் மாறுந்தோறும் அடிமைகள் பெயர் மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும், முந்தைய பெயர்களைத் தம் குடும்பத் தொடர்ச்சியின் அடையாளமாகப் பேணினர் என்பதையும் ஹெர்பர்ட் கட்மன் 1976இல் வெளிவந்த தம் ஆய்வில் விரிவாக நிறுவினார்.

அப்பெயரை எதிர்ப்பின் வழியே எடுத்துச் சென்றவரும் உண்டு. காம்பியாப் பகுதியில் பிறந்து 1763இல் ஜார்ஜ் வாஷிங்டனால் வாங்கப்பட்ட ஹாரி என்பவர், 1776இல் தப்பிச் சென்று ஆங்கிலேயர் படையில் சேர்ந்தார். 1783இல் நியூயார்க்கிலிருந்து ஆங்கிலேயருடன் வெளியேறிய கறுப்பினத்தவரின் பதிவேட்டில் அவர் ஹாரி வாஷிங்டன் என்றே குறிக்கப்பெறுகிறார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின், 1792இல் 15 கப்பல்களில் சியரா லியோனுக்குச் சென்ற ஏறத்தாழ 1,190 பேருள் அவரும் ஒருவர். அங்கு நிலவரியை எதிர்த்து 1800இல் எழுந்த கிளர்ச்சியில் பங்குகொண்டு நாடு கடத்தப்பட்டார். ஆங்கிலேய ஆட்சியின் வரிக்கு எதிராக ஒரு வாஷிங்டன் அமெரிக்காவில் போரிட்டார். அவரிடமிருந்து தப்பிய மற்றொரு வாஷிங்டன் ஆப்பிரிக்காவில் அதே ஆட்சியின் வரியை எதிர்த்தார்.

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைக் கணக்குப் படிவங்கள் அகவை, பால், நிறம் ஆகியவற்றையே பதிந்தன. பெயர்களைப் பெரும்பாலும் பதியவில்லை. 1870ஆம் ஆண்டின் கணக்கெடுப்பே விடுதலை பெற்றோர் அனைவரையும் பெயரோடு எழுதிய முதல் நாடுதழுவிய ஆவணம். வாஷிங்டன் என்னும் பெயர் கறுப்பின மக்களிடையே பெருமளவில் புலப்படுவது இதன் பின்னரே. இக்குடும்பத்தின் பல கிளைகளும் அடிமைகளை வைத்திருந்தமை ஒரு காரணம். விடுதலைப் போரின் தலைவர் என்னும் மதிப்பு மற்றொன்று. குடும்ப உறவும் வேறொரு காரணம் என்பதைப் புக்கர் டி. வாஷிங்டன் வரலாறு உணர்த்துகிறது.

1856இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த அவருக்குச் சிறுவயதில் ‘புக்கர்’ என்பதே பெயர். பள்ளியில் பெயர் கேட்கப்பட்டபோது, ஏனையோர்க்கு இரு பெயர்கள் இருப்பதைக் கண்டு, புக்கர் வாஷிங்டன் எனத் தாமே கூறியதாக 1901இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். அவருடைய மாற்றாந்தந்தையின் பெயர் வாஷிங்டன் ஃபெர்கூசன். அங்கு வாஷிங்டன் இடுபெயர். சிறுவனின் வாயில் அது குடும்பப்பெயராயிற்று. தந்தையின் இடுபெயரை மகன் தன் பெயரோடு இணைத்துக்கொள்ளும் இம்முறை, தலைப்பெழுத்து வழக்கம் கொண்ட தமிழர்க்குப் புதியதன்று.

குடும்பப்பெயர் இடுபெயராதல்

எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1783இல் பிறந்து தலைவரின் பெயரைப் பெற்றார். 1926 முதல் 1930 வரை பிரேசிலின் குடியரசுத் தலைவராயிருந்தவர் வாஷிங்டன் லூயிஸ். 1999இல் சென்னையில் பிறந்த கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரின் பெயர் இவற்றினும் வேறுபட்டது. தமக்கு உதவிய முன்னாள் படைவீரர் ஒருவரின் நினைவாகத் தந்தை சுந்தர் தம் மகனுக்கு அப்பெயரைச் சூட்டினார். ஆங்கிலக் குடும்பப்பெயர் இங்கே நன்றியின் சின்னமாகிய இடுபெயர். குடும்பப்பெயரின் இடத்தில் நிற்பதோ தந்தையின் தமிழ்நாட்டு இடுபெயர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. வாஷிங்டன் என்னும் பெயர் நிலவுடைமையின் அடையாளமாகத் தோன்றி, நிலம் நீங்கிய பின்னரும் குடும்பத்தோடு நிலைத்தது. கடல் கடந்தபின் அது அக்குடும்பத்தின் எல்லையையும் கடந்து, அடிமைப்பட்டோரும் விடுதலை பெற்றோரும் தமக்குரியதாக்கிக்கொண்ட பெயராயிற்று. ஆகவே குடும்பப்பெயரை மட்டும் சான்றாகக் கொண்டு குருதித் தொடர்பை நிறுவுதல் பொருந்தாது. நிலப்பதிவு, வாணிகம், போர், அடிமைமுறை, கணக்கெடுப்பு ஆகியவற்றோடு இணைத்து நோக்கும்போதே பெயர் சான்றாகப் பயன்படும்.

பதிவேடுகள் பெயரை மறைத்த இடங்களிலும் மக்கள் பெயரின்றி வாழவில்லை என்பது இவ்வாய்வு தரும் மற்றொரு தெளிவு. வில்லியம் லீ, ஹாரி வாஷிங்டன், புக்கர் ஆகிய மூவரும் தம் பெயரைத் தாமே உரைத்தவர்கள். பெயராய்வாளர் ஆவணத்தில் எழுதப்பட்டதோடு அமையாது, எழுதியவர் யார், எழுதப்பட்டவரின் பெயரைக் கூறியவர் யார் என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.