குரல்வளைநோக்கி: நேரடி முறையும் காணொளி முறையும்

அறுவை அரங்குகளில் லாரிங்கோஸ்கோப் என வழங்கும் குரல்வளைநோக்கி, முழு மயக்கத்திலிருப்பவரின் நாக்கை ஒதுக்கிக் குரல்நாண்களைப் புலப்படுத்தி, அவற்றினூடே மூச்சுக்குழலுக்குள் சுவாசக் குழாயைச் செலுத்த உதவும் கருவியாகும். தசைத் தளர்த்தி மருந்துகள் சுவாசத்தை நிறுத்திவிடுவதாலும், இரைப்பையிலுள்ளவை நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து இருப்பதாலும், அவ்வேளையில் இக்குழாயே உயிர்வழியாகிறது. மருத்துவர் தம் கண்ணால் வாய்வழியே நேராகக் காண்பது நேரடி முறை. கருவியின் அலகு நுனிக்கு அருகிலுள்ள கேமரா காட்டுவதைத் திரையில் காண்பது காணொளி முறை.

நேரடி முறையின் வளர்ச்சி

இசை ஆசிரியரான மானுவேல் கார்சியா, சிறு கண்ணாடியின் உதவியால் குரல்நாண்களின் அசைவைக் கண்டறிந்து, 1855இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார். கண்ணாடியின்றி நேராகவே காணலாம் என்பதை 1895இல் பெர்லினில் ஆல்ஃபிரட் கிர்ஸ்டைன் நிறுவினார். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு மயக்கமளித்த ஐவன் மேகில், முகமூடி வைக்க இயலாத நிலையில் ரப்பர்க் குழாய்களை மூச்சுக்குழலுக்குள் செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1942இல் தசைத் தளர்த்தியான குராரே மயக்கவியலுக்குள் வந்தபின் இத்திறன் அன்றாடத் தேவையாயிற்று. குரல்வளை மூடியை நேரே தூக்கும் நேரலகை 1941இல் ராபர்ட் மில்லரும், நாக்கடிக்கும் அம்மூடிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் நுனியை ஊன்றி மூடியைத் தானாக எழச்செய்யும் வளைந்த அலகை 1943இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் மேக்கின்டாஷும் வடிவமைத்தனர். பின்னது இன்றளவும் உலகெங்கும் புழங்குகிறது.

இடரை முன்னறிதல்

நேரடி முறையில் வாயும் தொண்டையும் குரல்வளையும் ஏறத்தாழ ஒரே பார்வைக்கோட்டில் அமையவேண்டும். குறுகிய வாய்த்திறப்பு, அசையாத கழுத்து, பின்னடைந்த தாடை ஆகியவை அதற்குத் தடையாகும். ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, அமர்ந்திருப்பவர் வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டும்போது தெரியும் உறுப்புகளைக் கொண்டு இத்தடையைக் கணிக்கும் முறையை, 210 நோயாளிகளிடம் ஆய்ந்து 1985இல் வெளியிட்டார். கருவி எதுவும் வேண்டாத இச்சோதனை, சிற்றூர் மருத்துவமனைக்கும் பெருநகர மருத்துவமனைக்கும் பொதுவான உடைமையாயிற்று. ஆயினும் அதன் கணிப்பு எப்போதும் பலிப்பதில்லை என்பதால், எதிர்பாராத இடருக்கும் ஆயத்தம் தேவைப்படுகிறது.

காணொளி முறையும் ஒப்பீடும்

கனடாவின் அறுவை மருத்துவர் ஜான் பேசி உருவாக்கிய கிளைடுஸ்கோப் 2001இல் புழக்கத்துக்கு வந்தது. சி-மேக், மெக்ராத் முதலியவை தொடர்ந்தன. கேமரா வளைவுக்கு அப்பாலும் காண்பதால் பார்வைக்கோட்டை நேராக்கும் தேவை குறைகிறது. ஆனால் மிகுவளைவு அலகுகளில் குரல்நாண்கள் திரையில் தெளிவாகத் தெரிந்தும் குழாய் அவற்றை நோக்கித் திரும்ப மறுக்கலாம். எனவே குழாய்க்குள் வளைத்த கம்பி இடப்படுகிறது. திரையையே பார்த்துக்கொண்டு குழாயைச் செலுத்தினால் மென்னண்ணம் காயமுறலாம். இரத்தமும் சளியும் கேமராவை மறைப்பதும் உண்டு.

222 ஆய்வுகளையும் 26,149 பேரையும் உள்ளடக்கிய 2022ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, காணொளி முறையில் தோல்விகள் குறைவதாகக் கண்டது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 8,429 அறுவைச் சிகிச்சைகளை ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சி தேவைப்பட்டது காணொளி முறையில் 1.7 விழுக்காடாகவும் நேரடி முறையில் 7.6 விழுக்காடாகவும் இருந்தது. ஒவ்வொரு மறுமுயற்சியும் வீக்கத்தையும் ஆக்சிஜன் குறைவையும் மிகுவிப்பதால் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது.

இந்தியச் சூழல்

அகில இந்தியக் கடின மூச்சுவழிச் சங்கம் 2016இல் வெளியிட்ட நெறிமுறைகள், முயற்சிகளின் எண்ணிக்கையை வரையறுத்து, இடையிடையே ஆக்சிஜன் அளிப்பதை வலியுறுத்தின. கோவிட் பெருந்தொற்று, நோயாளியின் மூச்சிலிருந்து மருத்துவரின் முகத்தை விலக்கிவைக்கும் காணொளி முறையின் தேவையை மேலும் உணர்த்தியது. பாக்கு மெல்லுவதால் வாய்த்திசு இறுகி வாய் திறக்க இயலாதவர்களுக்கு எவ்வகை அலகும் பயன்படாமற்போவதுண்டு. அந்நிலையில் விழித்திருக்கும்போதே மூக்குவழியே செலுத்தும் வளையும் இழைநோக்கி நாடப்படுகிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை போன்று வாய்ப்புற்றுக்குச் சிகிச்சையளிக்கும் இடங்களில் இம்மூன்று முறைகளின் அறிவும் இன்றியமையாதது.

உத்திரமேரூர்ப் பகுதியின் காவாந்தண்டலம் போன்ற சிற்றூர்களிலிருந்து அவசர அறுவைக்கு வருபவர், துணைக்கு இரண்டாம் மயக்கவியல் மருத்துவர் இல்லாத மருத்துவமனையை அடைய நேரிடலாம். திரையில் தெரிவதை உதவியாளரும் உடன்கண்டு குரல்வளையைத் தக்கவாறு அழுத்திக்கொடுக்க முடிவதால், காணொளிக் கருவியின் பயன் அத்தகைய மருத்துவமனைகளிலேயே மிகுதி. விலையைக் காரணங்காட்டி அவற்றைக் கடைசி வரிசையில் நிறுத்துவது முறையாகாது. அதே வேளையில், மின்னேற்றம் தீர்ந்தாலும் கேமரா மங்கினாலும் மருத்துவர் மீளவேண்டியது நேரடி முறைக்கே என்பதால், அதன் பயிற்சி குன்றாமல் தொடரவேண்டும். எம்முறையில் செலுத்தினாலும், வெளிமூச்சில் கரியமிலவாயு தொடர்ந்து பதிவாவதே குழாய் மூச்சுக்குழலில் அமைந்ததற்கு நம்பகமான சான்றாகும்.