வரியில்லா முதுமை: போர்த்துக்கல் திறந்து மூடிய கதவு

போர்த்துக்கேயர் என்றதும் யாழ்ப்பாணத்தவருக்கு 1619ஆம் ஆண்டு நினைவுக்கு வருவது இயல்பு. நான் எழுத முற்படுவது அந்த வரலாறு அன்று. கடல் கடந்து பிறர் நாடுகளைப் பிடித்தவர்கள், நம் காலத்தில், பிறநாட்டு முதியவர்களைத் தம் மண்ணுக்கு வருந்தி அழைத்த கதை இது.

2009 செப்டெம்பரில் ஹொசே சொக்ரடீஸ் தலைமையிலான அரசாங்கம் 'வழமையாக வதியாத வதிவாளர்' என்றொரு வரித் திட்டத்தைச் சட்டமாக்கியது. வதியாதவர் எவ்வாறு வதிவாளராவார் என்று கேட்கக்கூடாது, சட்டமொழி அப்படித்தான். முந்திய ஐந்து ஆண்டுகளில் போர்த்துக்கல்லின் வரி வதிவாளராக இராத ஒருவர், அங்கு குடியேறினால் பத்தாண்டுகளுக்குச் சலுகை பெறலாம். நிபுணர்களைக் கவர்வதே முதல் நோக்கம். ஆனால் 2012இல் வரித் திணைக்களம் விளக்கச் சுற்றுநிருபம் வெளியிட்ட பின்னர், வடக்கு ஐரோப்பிய ஓய்வூதியர்களின் பார்வை அல்கார்வே கடற்கரையின் பக்கம் திரும்பியது.

சூட்சுமம் இதுதான். பின்லாந்துக்கும் போர்த்துக்கல்லுக்கும் இடையிலான பழைய உடன்படிக்கையின்படி, தனியார்துறை ஓய்வூதியத்துக்கு வரி விதிக்கும் உரிமை அதைப் பெறுபவர் வசிக்கும் நாட்டுக்கே உண்டு. வசிக்கும் நாடான போர்த்துக்கல்லோ வரி வேண்டாம் என்றது. விளைவாக, அந்த ஓய்வூதியத்துக்கு எங்குமே வரியில்லை! உழைத்த காலமெல்லாம் பின்லாந்தின் பாடசாலைகளையும் மருத்துவமனைகளையும் பயன்படுத்தியவர், அறுபதைக் கடந்ததும் அந்நாட்டுக்குத் தரவேண்டிய வரியை வெயிலில் உலரவிட்டார்.

உள்நாட்டவரின் நிலையை இதனருகே வைத்துப் பார்க்கவேண்டும். 2011இல் 78 பில்லியன் யூரோ மீட்புக் கடனுக்குக் கையேந்திய நாடு அது. 2013இல் மாதம் 1,350 யூரோவுக்கு மேற்பட்ட உள்நாட்டு ஓய்வூதியங்களில் விசேட அறவீடு பிடிக்கப்பட்டது. லிஸ்பன் முதியவரின் ஓய்வூதியத்தில் வெட்டு. ஹெல்சிங்கியிலிருந்து வந்து குடியேறியவருக்கு முழு விலக்கு. வேலை தேடி இளைஞர்கள் விமானம் ஏறிக்கொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான். இதைப் பொருளாதாரக் கொள்கை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. வந்தவர்கள் வீடு வாங்கினர், செலவு செய்தனர், கட்டடத் தொழில் பிழைத்தது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்த வீடுகளின் விலையை உள்ளூர்ச் சம்பளத்தில் எட்டிப் பிடிக்கவேண்டியவர் யார்?

முதலில் பொறுமையிழந்தது பின்லாந்து. 2016இல் புதிய உடன்படிக்கை கைச்சாத்தானது. போர்த்துக்கல் அதற்கு ஒப்புதல் வழங்காது இழுத்தடித்தது. பின்லாந்து பழைய உடன்படிக்கையையே முறித்து, 2019 ஜனவரி முதல் வரியைத் தானே அறவிடத் தொடங்கியது. 2022 ஜனவரி முதல் சுவீடனும் அவ்வாறே செய்தது. இடையில், 2020இல், போர்த்துக்கல் புதிதாக வருவோரின் ஓய்வூதியத்துக்குப் பத்து வீத வரி விதித்தது. ஏற்கெனவே வந்தவர்கள் தம் பத்தாண்டு முடியும்வரை பழைய விலக்கையே வைத்துக்கொள்ள முடிந்தது.

2023 ஏப்ரலில் வீட்டு வாடகையை எதிர்த்து லிஸ்பனிலும் ஏனைய நகரங்களிலும் மக்கள் வீதிக்கு இறங்கினர். ஒக்டோபரில் பிரதமர் அந்தோனியோ கொஸ்தா, இத்திட்டத்தைத் தொடர்வது வரி அநீதியை நீடிப்பதாகும் என்ற கருத்தில் பேசி, அதன் முடிவை அறிவித்தார். 2024இலிருந்து, இடைக்கால ஏற்பாட்டுக்குள் வந்தோரைத் தவிரப் புதியவர்களுக்குக் கதவு மூடப்பட்டது. அதன் இடத்தில் வந்த திட்டம் ஆராய்ச்சியாளர்களுக்கும் புத்தாக்கத் துறையினருக்கும் உரியது; ஓய்வூதியர்களுக்கு அதில் இடமில்லை.

அதற்குள் இத்தாலி 2019இலும் கிரேக்கம் 2020இலும், ஏழு வீத வரியுடன், வெளிநாட்டு ஓய்வூதியர்களுக்குத் தத்தம் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தன.